நடுங்காத கை

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் அண்ணன், அண்ணி நாலு பேரும் நலமாக இருக்கிறோம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமாக இருக்கிற எவளும், கண்ணைக் கெடுத்துக்கொண்டு படித்துப் பிடித்த வேலையை உதறிவிட்டு, அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று போனில் மூக்கை உறிஞ்சமாட்டாள். மாதக் கடைசியில் ராஜினாமா கொடுக்கப்போகிறாயாமே? கொடுத்துப் பார். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றால் கதவைத் திறக்க நான் வரமாட்டேன், உன் அப்பாவுக்கோ காலிங் பெல் காதில் விழாது. இதைப் போனிலேயே சொல்லலாம் என்றால் அவர் ஸ்பீக்கரைப் போட்டு வைத்துக்கொண்டு நடுவில் நடுவில் ஆமாம்மா ஆமாம்மா என்கிறார், யாருக்கு ஆமாம் போடுகிறார் என்று அவருக்கே தெரியாது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுவதையும் படி, பாதியில் உன் ஆராய்ச்சிக்கூடத்து எலிக்கூண்டைப் பார்க்க ஓடாதே.

நடந்ததை உனக்கு ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லியிருப்பார்கள். உன் அண்ணன் சொன்னதைக் கேட்டால் என்னை எமலோகத்துக்குப் பாதி வழியிலிருந்து திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்த மாதிரி இருக்கும், உன் அப்பா சொன்னதைக் கேட்டால் அவர்தான் காப்பாற்றிய மாதிரி இருக்கும். இரண்டும் புளுகு. முதலிலிருந்து நான் சொல்கிறேன். சுகர்காரர்கள் என்றாலே எனக்கு இளக்காரம் என்பது உனக்குத் தெரியும். நம் ஃபிரேம் கடைக்குப் பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் இருக்கிறாரே, ஒரு கையில் கேக், ஒரு கையில் மாத்திரை. கேட்டால், ஒரே ஒரு துண்டுதானேக்கா, மாத்திரையப் போட்டா சரியாப் போயிடும் என்று பல்லைக் காட்டுவார். வாயைக் கட்டத் தெரியாத ஜென்மம். நான் அப்படியா இருந்தேன்? ஊசியை நேரத்துக்குப் போட்டு, அளந்து சாப்பிட்டு, இனிப்பு என்ற பேச்சையே எடுக்காமல் இருந்தேன். டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்து, உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா எனக்கு வேலையே இல்லம்மா என்றார். அந்த மனுஷன் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசுகிறவர், என் முகத்தை இன்றைக்கு வரைக்கும் பார்த்ததில்லை, ரோட்டில் பார்த்தால் யாரோ என்று நினைப்பார். ஆனாலும் அவர் சொன்னது எனக்குப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து சாப்பாட்டை இன்னும் குறைத்தேன், எண்பது காட்டினால் ஏன் எழுபது காட்டக்கூடாது என்று பார்த்தேன். முன்பெல்லாம் சுகர் இறங்கினால் கை நடுங்கும், நெற்றி வியர்க்கும், நெஞ்சு படபடவென்று அடிக்கும். கண்ணாடி வெட்டுகிறவளுக்குக் கை நடுங்கினால் பிழைப்பு என்ன ஆவது? கட்டர் கோட்டை விட்டு ஓடும், தட்டினால் கண்ணாடி கோணல்மாணலாகப் பிளக்கும். நடுங்க ஆரம்பித்தாலே கட்டரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு, எல்லாரையும் திட்டியபடி உட்கார்ந்திருப்பேன். போன வருஷம் அந்த நடுக்கம் நின்றேபோனது. மெஷினில் ஐம்பத்தைந்து காட்டும், கை கல் மாதிரி நிற்கும். வியாதியை அடக்கிவிட்டேன் என்று ஜெராக்ஸ்காரர் முகத்துக்கு நேராகக் கையை நீட்டிக் காட்டினேன். அவர் கேக்கை மறைத்துக்கொண்டார்.

உன்னிடம் இதைப் பெருமையாகச் சொன்னபோது நீ என்ன செய்தாய்? நல்லதும்மா என்று ஒரு வார்த்தை சொன்னாயா? பாடம் எடுத்தாய். மூளையின் அடியில் சில செல்கள் இருக்கின்றனவாம், ரத்தத்தில் எவ்வளவு சுகர் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவற்றுக்கு வேலையாம், ஏறினால் முழித்துக்கொள்கிறவை சில, இறங்கினால் முழித்துக்கொள்கிறவை சிலவாம். இறங்கியதும் அவை கல்லீரலுக்குத் தகவல் கொடுத்து, வைத்திருப்பதை வெளியே விடு என்று சொல்லுமாம், கூடவே கையையும் நெஞ்சையும் உலுக்கி நம்மைச் சாப்பிட வைக்குமாம். ஆனால் அடிக்கடி இறங்கவிட்டால், ஓகோ, இந்த வீட்டில் இதுதான் வழக்கம்போல என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுமாம். நடுக்கம் நின்னது நல்லதில்லம்மா, காவக்காரன் தூங்கிட்டான்னு அர்த்தம் என்றாய். அதெல்லாம் உன் எலிக்கு இருக்கும், நான் எலி இல்லை என்று சொல்லி போனை வைத்தேன். எலித்தலைக்குள் எட்டிப் பார்க்கிறவள் எனக்குக் கை எப்போது நடுங்க வேண்டும் என்று சொல்வதா என்று அன்று முழுவதும் எனக்கு ஆறவே இல்லை.

நீ விடுவாயா? கையில் ஒட்டிக்கொள்ள ஒரு வட்டத்தை வாங்கி அனுப்பினாய். சுகர் இறங்கினால் அது என் போனிலும் கத்தும், உன் போனிலும் கத்தும். நான் கண்ணாடியில் கோடு இழுக்கும் நேரமாகப் பார்த்துக் கத்தும், நானே பிழையாக இழுத்துவிடுவேன் போல இருந்தது. அதைப் பிய்த்து, உடைந்த கண்ணாடிச் சில்லு போடும் டப்பாவில் போட்டேன். கடையில் சிக்னல் கிடைக்கவில்லை என்று உனக்குச் சொன்னேன், நீயும் அந்தப் பொய்யை நம்பினாய், இதுதான் நீ படித்த லட்சணம். உன்னால் வந்த வினை அதோடு நிற்கவில்லை. எரிச்சல் வந்தாலும் அது சுகர் இறங்கியதற்கு அடையாளமாக இருக்கலாம் என்று உன் அப்பாவிடம் சொல்லி வைத்தாய் பார், அதற்கு நீ நன்றாக இருப்பாய். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் வாயைத் திறந்தால் ஜூஸ். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடாதீர்கள் என்றால் ஜூஸ். கரன்ட் பில் கட்டினீர்களா என்று கேட்டால் ஜூஸ். உண்மையைச் சொன்னால் அது என் பேச்சு இல்லையாம், என் சுகர் பேசுகிறதாம். உன் அண்ணனும் சேர்ந்துகொண்டு, அம்மாவுக்கு லோ ஆயிடுச்சு, அம்மாவுக்கு லோ ஆயிடுச்சு என்று குதிப்பான். முப்பது வருஷமாக நான் இவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன், சுகர் வருவதற்கு முன்னால் திட்டியதெல்லாம் எந்தக் கணக்கில் வரும் என்று கேட்டேன். அதற்கும் ஒரு டம்ளர் வந்தது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். சலூன்காரர் தன் கடைக்கு ஆளுயரக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். நல்ல கனமான கண்ணாடி, ஒரு கீறல் கிடையாது, ஓரத்தில் ஒரு விரல்கடை குறைத்து ஃபிரேம் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அன்று காலையில் உன் அப்பா டீ கிளாஸைக் கொண்டுபோய் அந்தக் கண்ணாடியின் மேலேயே வைத்தார். திட்டாமல் கொஞ்சுவார்களா? திட்டினேன். உடனே ஜூஸோடு வந்து நின்றுகொண்டு, குடிச்சிடு, குடிச்சிடு என்று உயிரை வாங்கினார். தொல்லை விட்டால் போதும் என்று குடித்துத் தொலைத்தேன். பிறகு அளந்து பார்த்தால் ஜிவ்வென்று ஏறியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மதியத்துக்குப் போட வேண்டிய ஊசியை வழக்கம்போல் போட்டேன், சாப்பாட்டை மட்டும் ஒதுக்கிவிட்டேன், ஜூஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும் என்று. நீ இப்போது தலையில் அடித்துக்கொள்வாய், அடித்துக்கொள். கை நடுங்கவில்லை, வியர்க்கவில்லை, ஒன்றுமே தெரியவில்லை. இதற்கு மேல் எனக்கு நினைவில்லை, உன் அண்ணி சொல்லித்தான் தெரியும்.

சலூன்காரர் வேலை முடிந்ததா என்று பார்க்க வந்தாராம். சாதாரணமாக அவரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், மீசையைத் தடவிக்கொண்டு குறை சொல்ல மட்டுமே வாய் திறக்கிற மனுஷன். அன்றைக்கு நான் அவரைப் பார்த்து, வாங்க, உங்க ரசனையே தனி, உங்க கடைக்கு வர்றவங்க கொடுத்து வச்சவங்க என்றேனாம். அவர் மீசையை விட்டுவிட்டாராம். அடுத்து உன் அப்பாவைப் பார்த்து, பாவம், நீங்க களைச்சுப் போயிட்டீங்க, கொஞ்ச நேரம் உக்காருங்க என்றேனாம். நான்! அவரை! அந்த மனுஷன் ஆயுள் முழுக்க லிஃப்டில் நின்று வேலை பார்த்தவர், ஏறுவதும் இறங்குவதும் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை, சொந்தப் பெண்டாட்டிக்குச் சுகர் இறங்குவதை மட்டும் பார்க்கத் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டாராம். வெளியே போய் உன் அண்ணனுக்கு போன் போட்டு, அம்மா மாறிட்டாடா, நல்ல புத்தி வந்திடுச்சு என்றாராம். அந்தப் பிள்ளைப்பூச்சி என்ன சொன்னான் தெரியுமா? அப்படியே விடுங்கப்பா, யாரும் எதுவும் பேசிக் கெடுத்துடாதீங்க என்றானாம். திட்டினால் ஜூஸை ஊற்றுகிற கூட்டம், செத்துக்கொண்டிருக்கும்போது கொண்டாடியது. என் வயிற்றில் பிறந்தது ஒன்று, கழுத்தில் கட்டியது ஒன்று, இரண்டும் தேறாத கேஸ்.

உன் அண்ணியைப் பற்றி நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மூக்கால் பேசுவாள். ஒரு வேலைக்கு நான்கு தடவை எழுந்து போவாள். ஃபிரேமுக்கு மூலை சேர்க்கச் சொன்னால் அவள் சேர்த்த மூலையில் எறும்புக் கூட்டம் வரிசையாகப் போய்வரலாம். இந்தக் குடும்பத்துக்கு வந்த நாளிலிருந்து நான் அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை, சொல்லும்படி அவள் ஒரு மூலையைச் சேர்த்ததும் இல்லை. அன்று பின்கட்டிலிருந்து ஒரு ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், மூலையில் நகம் நுழைகிற இடைவெளி இருந்ததாம், இன்றைக்கு என்ன வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோமோ என்று பயந்துகொண்டேதான் வந்தாளாம். நான் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, எவ்வளவு அழகாச் சேத்திருக்கே, உன் கைக்கு வளையல் போடணும் என்றேனாம். அவ்வளவுதான், ஃபிரேமை அப்படியே தரையில் போட்டுவிட்டு, மாமா, சர்க்கரையை எடுங்க என்று கத்தினாளாம். உன் அப்பா வாசலிலிருந்தே, ஏம்மா, இப்பத்தானே அவ நல்லாப் பேசறா என்றாராம். அதனாலதான் மாமா கத்தறேன், அத்தை என்னைப் பாராட்டறாங்க, அவங்களுக்குத் தலையில என்னமோ ஆயிடுச்சு என்றாளாம். பேச்சு இருந்ததால் விழுங்கவும் தெரிந்தது, சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்து என் தாடையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். நான் அவள் கையைக் கடித்தேன் என்கிறாள், கடித்திருப்பேன். விரலைக் குத்திப் பார்த்தால் முப்பத்தெட்டு. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் வலிப்பு வந்து கண்ணாடிமேலேயே விழுந்திருப்பேன் என்று டாக்டர் பிறகு சொன்னார், அதையும் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் சொன்னார்.

எனக்குத் தெளிந்தபோது மேஜையின்மேல் சலூன்காரர் கண்ணாடி இருந்தது. ஓரத்தில் ஒரு விரல்கடை எடுக்க வேண்டியதை, நட்டநடுவில் வெட்டி இரண்டாக்கி வைத்திருந்தேன். கோடு மட்டும் இம்மி பிசகவில்லை. என் ஆயுளில் அவ்வளவு நேரான கோடு நான் இழுத்ததில்லை. கை நடுங்காமல் இருந்த லட்சணம் அது. மற்றவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை, உனக்கும் சொல்வதாக இல்லை, எழுதிவிட்டேன், அடித்தால் அசிங்கமாக இருக்கும், போகட்டும்.

அதற்குப் பிறகு நீ போனில் மறுபடியும் முதலிலிருந்து விளக்கினாய், இந்தத் தடவை நான் குறுக்கே பேசவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், மூளை மூளை என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறதே, இதைப் போல ஒரு கையாலாகாத பண்டத்தை நான் பார்த்ததில்லை. உடம்பில் எல்லாரையும்விட அதிகமாக உட்கார்ந்து தின்கிறது அது, நாளைக்கு என்று ஒரு கை சர்க்கரை எடுத்து வைத்துக்கொள்ளத் துப்பு இல்லை, கல்லீரல் இருக்கிறது அனுப்பி வைக்க, ரத்தம் இருக்கிறது சுமந்துவர, துரை உட்கார்ந்த இடத்திலேயே சாப்பிடுவார். சரி, வருவது குறைகிறதா என்று பார்க்க ஆள் வைத்திருக்கிறதே என்று பார்த்தால் அந்த ஆளும் தண்டச்சோறு. நாலு நாள் சுகர் குறைவாக வந்தால் இதுதான் நம் தலையெழுத்து என்று முடங்கிக்கொள்கிறதாம். நம் தெரு வாட்ச்மேன்கூட நாயைப் பார்த்தால் ஒரு விசில் ஊதுகிறார். இவ்வளவு மட்டமான ஆட்களைத் தலைக்குள் வைத்துக்கொண்டா நான் ஜெராக்ஸ்காரரை இளக்காரம் செய்தேன் என்று எனக்கே எரிச்சலாக வந்தது. கொஞ்ச வாரம் சுகரை இறங்கவே விடாம வச்சா அதுங்க மறுபடியும் முழிச்சுக்கலாம்மா, எலியில மட்டும் இல்ல, மனுஷங்ககிட்டயும் பாத்திருக்காங்க என்றாய். டாக்டரும் ஊசியின் அளவைக் குறைத்து, நேரத்துக்குச் சாப்பிடுங்க, கொஞ்சம் மேலேயே இருந்தாப் பரவாயில்ல என்று அதையேதான் சொன்னார். என் ரிப்போர்ட் அழகெல்லாம் போனது. ஜெராக்ஸ்காரரும் நானும் ஒரே நம்பரில் வந்து நின்றோம். அந்த மனுஷன் எனக்கு கேக்கை நீட்டினார், நான் பார்த்த பார்வையில் தானே தின்றுவிட்டார்.

டப்பாவில் போட்ட வட்டத்துக்குப் பதிலாக நீ அனுப்பிய புதுசை ஒட்டிக்கொண்டேன். நேரத்துக்குச் சாப்பிட்டேன். அதெல்லாம்கூடப் பரவாயில்லை, இந்த வீட்டில் நடந்த இன்னொரு கொடுமையைக் கேள். இப்போது நான் திட்டினால் எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள், எருமைமேல் மழை பெய்த மாதிரி. தப்பித்தவறி ஒரு நல்ல வார்த்தை வாயில் வந்துவிட்டால் ஓடிவருகிறார்கள். உன் அப்பாவிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன், ஜூஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். உன் அண்ணனிடம் புதுச் சட்டை நன்றாக இருக்கிறது என்றேன், என் விரலைக் குத்தினான். உன் அண்ணியோ, நான் அவளைத் திட்டாமல் கடந்துபோனாலே கூடவே வந்து கண்ணை உற்றுப் பார்ப்பாள். காப்பாற்றியவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்கு இல்லாமலா இருக்கும்? தொண்டை வரைக்கும் வரும். சொன்னால் வாயில் சர்க்கரையைக் கொட்டிவிடுவாளே என்று விழுங்கிவிட்டு, மூலையைப் பார் மூலையை என்று கத்திவிட்டு வருவேன்.

போன திங்கட்கிழமை ஒரு சின்ன ஃபோட்டோவுக்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தேன். ஸ்கேலை வைத்துப் பாதிக் கோடு இழுத்திருப்பேன், கட்டர் கிரீச் என்று ஓரமாக ஓடியது. சனியனே என்று திட்டிவிட்டு மறுபடியும் வைத்தேன், மறுபடியும் ஓடியது. கையைத் தூக்கிப் பார்த்தேன். நடுங்குகிறது! ஐந்து விரலும் தனித்தனியாக ஆடுகிறது. நெற்றியில் கை வைத்தால் ஈரம். நெஞ்சு, பழைய காலத்து மாதிரி தடதடவென்று. உன் வட்டம் அப்போது ஊமை மாதிரி இருந்தது, நான் ஸ்டூலில் உட்கார்ந்து சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் அது கத்தியது. அதற்கு முன்னாலேயே என் தலைக்குள் இருக்கிற சோம்பேறிகள் எழுந்துவிட்டார்கள் என்று அர்த்தம், இல்லையா? எலிக்காரி நீதான் சொல்ல வேண்டும். கண்ணாடி வீண், ஓரம் பல்லிளித்துக்கொண்டு கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்தேன். உன் அண்ணி பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள், நான் சிரிக்கிறேன் என்றதும் முகம் வெளிறிவிட்டது. பயப்படாதே, கை நடுங்குதுடி என்று நீட்டிக் காட்டினேன். அவள் தன் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் கையும் நடுங்கியது, எது யாருடைய நடுக்கம் என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒரு ரொட்டித் துண்டைச் சாப்பிட்டேன், நடுக்கம் நின்றது. பிறகு மெஷினை எடுத்து அவள் கண்ணெதிரே விரலைக் குத்தி அளந்தேன். நூற்றுப் பத்து. மெஷினை அவள் மூக்குக்கு நேரே பிடித்து, நல்லாப் பாத்துக்கோ, நூத்திப் பத்து, இப்ப என் தலையில ஒரு கோளாறும் இல்ல, இப்ப சொல்றேன் கேளு, அன்னிக்கு நீ இல்லேன்னா இன்னிக்கு நான் இல்ல என்றேன். அவள் நம்பரைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு விரலைப் பிடித்து மறுபடியும் குத்தினாள். நூற்றுப் பன்னிரண்டு வந்தது. அதற்குப் பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், அழுமூஞ்சி. இவ்வளவு காலம் திட்டியதற்கெல்லாம் ஒரு சொட்டு விட்டதில்லை. அந்த மூலை இன்னும் சேரவில்லை, அதையும் அப்போதே சொல்லிவிட்டேன்.

ஆகையால் நீ வர வேண்டாம். இங்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வாய், உன் அப்பாவோடு சேர்ந்து ஜூஸ் பிழிவாயா? என் முகத்தைப் பார்த்துக்கொள்ள இங்கே ஆள் இருக்கிறாள், என் வாயிலிருந்து வருவதை அவளைப்போல அளக்க உனக்கு வராது. அங்கே உன்னைத் தவிர அந்தச் செல்களைப் பார்க்க ஆள் உண்டோ இல்லையோ, நீ பார். என்னைப் போல நடுக்கம் நின்றுவிட்டது என்று தெருவில் கையை நீட்டிக் காட்டிக்கொண்டு திரிகிற முட்டாள்கள் எத்தனை பேரோ, அவர்கள் எல்லாருக்கும் உன் அண்ணி மாதிரி ஒரு மருமகள் வாய்க்கமாட்டாள். விடுமுறைக்கு வா, இருந்துவிட்டுப் போ. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, எனக்குப் பாடம் எடுக்கிற நீ மத்தியானம் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். எலிகளுக்கும் நேரத்துக்குப் போடு. தலைமுடியை அள்ளி முடி. நோய் நொடி இல்லாமல், யாருக்கும் தலைகுனியாமல், எடுத்த காரியத்தைப் பாதியில் விடாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க அம்மாவும் அப்பாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம். ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல்.

இன்னும் ஒன்று. நீ அங்கே செய்வது நல்ல வேலை. நீ கெட்டிக்காரி, நீ சொன்னதுதான் சரி, நான் கேட்டிருக்க வேண்டும். இந்த வரியை எழுதுவதற்கு முன்னால் அளந்து பார்த்துவிட்டேன், நூற்றுப் பதினெட்டு. உன் அண்ணி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

இப்படிக்கு,
கை நடுங்குகிற,
உன் அம்மா